உகிட்டாவின் முதுகு

உகிட்டா ஏமாற்றுகிறான் என்ற சந்தேகம் எனக்கு முதலில் வந்தது ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பதினொன்றரை மணிக்கு. நேரத்தைக்கூடவா குறித்து வைப்பாள் என்று நினைக்க வேண்டாம், நான் அப்படித்தான். செயற்கைப் பல் செய்வது என் தொழில். ஒரு தலைமுடி அளவு உயரம் கூடினால் போதும், கடிக்க முடியவில்லை என்று பல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முப்பது வருடம் இந்த வேலையைப் பார்த்தால் கட்டிய புருஷனைக்கூட ஒருமுறை அளந்து பார்க்கத் தோன்றும். நானும் அளந்து பார்த்தேன். அவர் தேறவில்லை. அது வேறு கதை.

விவாகரத்து முடிந்த வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றவன் உகிட்டா. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருக்காத. வந்து யாரையாவது சுடு" என்றான். அப்படித்தான் அந்த விளையாட்டுக்குள் வந்தேன். இருபது வருடமாயிற்று. இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஐம்பத்தேழு வயது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு தவறாமல் இன்சாய் ஊருக்குப் பக்கத்தில் மிசோகுச்சி அண்ணன் நடத்தும் விளையாட்டுக் காட்டுக்குப் போய்விடுவோம். காட்டில் நாற்பது பேர் இரண்டாகப் பிரிந்து, மரத்துக்கு மரம் ஒளிந்து, மிளகை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டுக்கொள்வோம். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் தீர்மானிப்பார்கள். அதனால் பாதி நாள் உகிட்டா என் எதிரி.

இந்த விளையாட்டுக்கு நடுவர் கிடையாது. குண்டில் சாயமும் கிடையாது. பட்டவனே கையைத் தூக்கி "ஹிட்!" என்று கத்திவிட்டுத் தானாக வெளியே நடக்க வேண்டும். காலையில் விளையாட்டு தொடங்கும் முன் மிசோகுச்சி அண்ணன் ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் ஒன்றைச் சொல்வார்: "பட்டுச்சா இல்லையான்னு சந்தேகமா இருந்தா, பட்டுச்சுன்னே வெச்சுக்கங்க." மொத்த விளையாட்டும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. பட்டும் படாதது போல நிற்கிறவனுக்கு ஜாம்பி என்று பெயர். செத்தும் நடமாடுகிறவன். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் சீபா மாவட்டம் முழுவதும் எந்தக் காட்டிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கூடப் படித்தவன், கூடக் குடித்தவன் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார்கள்.

அன்று பதினொன்றரை மணிக்கு, மின்கம்பி சுற்றும் பெரிய மர உருளைக்குப் பின்னால் உகிட்டா மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்குப் பின்னால் நாற்பது மீட்டரில் புதருக்குள் படுத்திருந்தேன். என்னுடையது ஸ்பிரிங் துப்பாக்கி. பேட்டரி இல்லை, வாயு இல்லை. ஒவ்வொரு முறையும் பூட்டை இழுத்து ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். விசையைத் தொட்டால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தி ஒரே ஒரு குண்டைத் தள்ளும். சுட்டேன். வெள்ளைக் குண்டு மெல்ல எழும்பி, மெல்ல இறங்கி, அவன் இடுப்புக்கு மேலே போய் மறைந்ததை ஸ்கோப்பில் பார்த்தேன். அவன் கையைத் தூக்கவில்லை. மறுபடி சுட்டேன். அதே இடம். முன்னால் பார்த்தபடி பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். இரண்டு நிமிடம் கழித்து எதிரிலிருந்து யாரோ அவன் முழங்கையில் அடித்தார்கள். உடனே "ஹிட்!" என்று கத்திக்கொண்டு, வேரில் தடுக்கி, சிரித்தபடி வெளியே போனான்.

மதியம் கறிச்சோறு சாப்பிடும்போது கேட்டேன்.

"காலைல உன்னை ரெண்டு தடவை சுட்டேன்டா."

"எப்போ?"

"அந்த உருளைக்குப் பின்னால உக்காந்திருந்தப்போ. முதுகுல."

கரண்டி ஒரு கணம் நின்றது. "ஒண்ணும் படலையே" என்றான். பிறகு சிரித்தான். "வயசாயிருச்சு சனாயே. உன்னைச் சொல்லல, உன் துப்பாக்கியைச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கரண்டி நின்றதை நான் பார்த்துவிட்டேன்.

முதலில் துப்பாக்கியைத்தான் சந்தேகப்பட்டேன். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதனைச் சந்தேகப்படுவதற்கு முன் ஐந்து வருடத் துப்பாக்கியைச் சந்தேகப்படுவதுதான் நியாயம். ஸ்கோப்பில் கண் ஏமாறும். குண்டு ஒரு சாண் தள்ளிப் போனாலும் பட்டது போலத்தான் தெரியும். மறுநாள் வேலை முடிந்ததும் பட்டறையிலேயே துப்பாக்கியைப் பிரித்துப் போட்டேன்.

முதல் குற்றவாளி குண்டுதான். காட்டில் மண்ணோடு மக்கிப்போகும் குண்டைத்தான் போட வேண்டும் என்பது விதி. அந்தக் குண்டு மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து ஊதும். பல் அளக்கும் கருவியால் அளந்தேன். பத்தில் மூன்று குண்டு ஊதியிருந்தது. குழாய்க்குள் உரசிக்கொண்டு போகிற குண்டு நேராக எங்கே போகும்? பாக்கெட்டைத் தூக்கிப் போட்டேன். புதிய குண்டுகளை மூடி போட்ட டப்பாவில் கொட்டி, நோரி என்ற கடற்பாசித் தாள் பாக்கெட்டில் வரும் ஈரம் உறிஞ்சும் பையை உள்ளே வைத்தேன்.

ஜூலையில் சீட்டு எங்கள் இருவரையும் ஒரே பக்கம் போட்டது. ஆகஸ்டில் மறுபடி எதிர்ப்பக்கம். மறுபடி அவன் முதுகு. மறுபடி ஒன்றும் இல்லை. அன்று மாலை தபால் ஆபீஸ் ஹதோரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எங்கள் குழுவில் நாற்பது வயதுக்காரன், காதில் விழுந்ததை வயிற்றில் வைத்திருக்கத் தெரியாதவன்.

"சனாயே அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"நீ எத்தனை பேர்கிட்ட சொன்னே?"

"மூணு பேர்தான். உகிட்டா அண்ணன் இருக்காரே, அவரைப் போன மாசம் நானும் பின்னாலேர்ந்து அடிச்சேன். கவனிக்காம பக்கத்துல போயிட்டேன், பத்து மீட்டர்கூட இருக்காது. தாளிக்கிற மாதிரி சத்தம் கேட்டுச்சு. மனுஷன் அசையலையே."

"அவன் உன் பக்கத்து ஆளுதானேடா போன மாசம்?"

"அது தப்பா அடிச்சிட்டேன். அது வேற விஷயம். கூட இருக்கிறவன் அடிச்சாலும் பட்டா சொல்லணும்ல?"

"அதெல்லாம் இருக்காது. சட்டை கனமா இருந்திருக்கும்" என்றேன்.

"அப்ப உங்க ஸ்பிரிங்கை மாத்துங்க. வெளிநாட்டு ஸ்பிரிங் ஒண்ணு என்கிட்ட சும்மாதான் கிடக்கு. அதுல ஒண்ணு விட்டீங்கன்னா செத்தவனே எந்திரிச்சு ஹிட்டுன்னு கத்துவான்."

"அப்புறம் ஜெயிலுக்கு யாரு போறது, நீயா நானா?"

எங்கள் நாட்டில் இந்தப் பொம்மைத் துப்பாக்கியின் குண்டு பாயும் சக்திக்குச் சட்டத்தில் அளவு உண்டு. 0.98 ஜூல். அதைத் தாண்டினால் அது பொம்மை இல்லை, வைத்திருந்தாலே குற்றம். மேலும் எனக்கு வேண்டியது வேகம் இல்லை. பட்டது என் குண்டுதான் என்று நானே என்னைச் சந்தேகப்படாத அளவுக்கு ஒரு துப்பாக்கி. கோர்ட்டில் சாட்சி சொல்லும் ஆளைப் போல, நூறு முறை கேட்டாலும் ஒரே பதில் சொல்லும் துப்பாக்கி.

செப்டம்பர் முழுவதும் அதற்கே போயிற்று. என் குண்டு முப்பது மீட்டருக்கு மேல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது. குழாயின் பின்வாயில் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு, குண்டின் தலையை மேலிருந்து அழுத்தும். அந்த அழுத்தத்தில் குண்டு பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போவதால்தான் விழாமல் தூரம் போகிறது. ரப்பரை அழுத்தும் சின்னக் கை ஒரு பக்கம் சரிந்திருந்தது. பல் அச்செடுக்கும் சிலிக்கோனில் ஒரு மெத்தை வார்த்து, உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்துத் தேய்த்து, சமமாக உட்கார வைத்தேன். ரப்பரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. கழுவினேன். உள்குழாய் வெளிக்குழாய்க்குள் லேசாக ஆடியது. மூன்று இடத்தில் டேப் சுற்றி அதன் ஆட்டத்தை அடக்கினேன். பிஸ்டன் தலையில் இருந்த வளையம் தேய்ந்து காற்று கசிந்தது. புதியது போட்டேன். ஒவ்வொரு கோளாறும் அகப்படும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதுதான் காரணம், உகிட்டா இல்லை என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் சரி செய்ததும் பயமாக இருந்தது. துப்பாக்கியில் சொல்லிக்கொள்ளக் குறை தீர்ந்துகொண்டே வந்தது.

மாதக் கடைசியில் யாச்சியோவில் இருக்கும் ஐம்பது மீட்டர் சுடும் பயிற்சிக் கொட்டகைக்குப் போனேன். நாற்பது மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்புத் தகடு. பத்து குண்டு. பத்தும் டிங் டிங் என்றது. பக்கத்துத் தடத்திலிருந்த ஆள் கை தட்டினார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உகிட்டாவின் முதுகு தட்டை விடப் பெரியது.

அக்டோபரில் அவனையே கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். இப்போது எல்லாமே பொருந்தியது. முன்னாலிருந்து கையிலோ நெஞ்சிலோ பட்டால் அவனைப் போல யோக்கியன் இல்லை, உரசிக்கொண்டு போனதற்கெல்லாம் கத்துவான். பின்னாலிருந்து, யாரும் பார்க்காத இடத்தில், சுட்டது யாரென்று தெரியாதபோது மட்டும் கல். முன்பெல்லாம் முதல் ஆளாக ஓடுகிறவன் இப்போது ஒரே இடத்தில் பதுங்கிக் கிடந்தான். நடக்கும்போது அடிக்கடி கீழே பார்த்து நடந்தான். முகத்தைப் பார்த்துப் பேச முடியாதவனின் நடை என்று முடிவு கட்டினேன். அன்று இரண்டு குண்டு போட்டேன், இரண்டும் பட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனைக் கரித்துக் கொட்டினேன். என்னை அந்தச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்தவன், எல்லோருக்கும் முன்னால் எனக்கு வயசாகிவிட்டது என்று சிரித்துவிட்டு, அற்ப விளையாட்டில் பொய் சொல்கிறான். புருஷன் பொய் சொன்னபோதுகூட இப்படி எரியவில்லை.

பட்டறையில் பல் கடி பார்க்கச் சிவப்புத் தூள் ஒன்று உண்டு. புதுப் பல்லில் அதைத் தெளித்துப் பொருத்தினால் எங்கே இடிக்கிறதோ அங்கே சிவப்பு ஒட்டும். குண்டில் அதைத் தெளித்துக் கொட்டகையில் சுட்டுப் பார்த்தேன். முதல் குண்டு தட்டில் பொட்டு வைத்தது. இரண்டாவது குண்டு கூரையைப் பார்த்துப் போனது. தூள் ரப்பரில் ஒட்டி வழுக்கிவிட்டது. ஆக, ஒருமுறை கழுவினால் ஒரே ஒரு சிவப்புக் குண்டு. போதும். எனக்கு ஒன்று போதும்.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு, மூன்றாவது ஆட்டம். இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு காரில் உட்கார்ந்து குழாயைக் கழுவி, சிவப்புக் குண்டைத் தனியாக உள்ளே வைத்திருந்தேன். இருபது நிமிடம் ஈர இலை மேல் ஊர்ந்து போனேன். கவிழ்ந்து கிடந்த பழைய படகுக்குப் பின்னால் அவன் முட்டி போட்டிருந்தான், முதுகு எனக்கு. 'தயவு செஞ்சு கையைத் தூக்குடா' என்று மனதுக்குள் சொன்னது நினைவிருக்கிறது. விசையைத் தொட்டேன். முதுகெலும்புக்கு இடப்பக்கம், பெல்ட்டுக்கு ஒரு சாண் மேலே, மஞ்சள் கலந்த பச்சைச் சட்டையில் சிவப்புப் பொட்டு. உகிட்டா அசையவில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டான்.

நானே கையைத் தூக்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டு வெளியே வந்து மிசோகுச்சி அண்ணனின் கொட்டகைக்குப் போனேன். ஒருவரை ஜாம்பி என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது, அவரிடம்தான் சொல்ல வேண்டும். சொல்கிறவர் துப்பாக்கியை முதலில் அளப்பது அவர் வழக்கம். அறுபத்தைந்து வயது மனிதர், ஓய்வு பெற்ற தீயணைப்புக்காரர். சக்தி அளக்கும் கருவி வழியே ஐந்து குண்டு சுட வைத்தார். 0.89 ஜூல். ஐந்துக்கும் ஒரே எண்.

"அழகா வெச்சிருக்கியேம்மா" என்றார். "யாரு?"

"உகிட்டா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நிச்சயமா?"

"முதுகுல சிவப்புப் புள்ளி இருக்கும் அண்ணே. நான் வெச்சது."

"புள்ளியெல்லாம் இருக்கட்டும். முதல்ல கேப்போம். மனுஷன் தானா ஒத்துக்க ஒரு வழி விடணும்."

ஆட்டம் முடிந்ததும் உகிட்டாவைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். உகிட்டா என்னைப் பார்த்தான், மேசை மேல் கிடந்த என் துப்பாக்கியைப் பார்த்தான், எல்லாம் புரிந்தவன் போலத் தலையாட்டினான்.

"உகிட்டா, கடைசி ஆட்டத்துல உனக்குப் பட்டுச்சுன்னு ஒரு பேச்சு இருக்கு. படலைன்னா படலைன்னு சொல்லு" என்றார் மிசோகுச்சி அண்ணன்.

"பட்டுச்சு அண்ணே. தெரிஞ்சேதான் சொல்லல."

நான் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஐந்து மாதமாக நான் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். ஆனால் அவன் அதை இவ்வளவு சீக்கிரம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டிய ஆள் முதலில் கொஞ்சம் மழுப்புவான், கோபப்படுவான், யார் சொன்னது என்பான். இவன் தயாராக வைத்திருந்த காசை நீட்டுவது போல நீட்டினான்.

மிசோகுச்சி அண்ணன் நோட்டை எடுத்தார். முகம் சுருங்கிவிட்டிருந்தது. "எங்க பட்டுச்சு?"

"வலது தோள்ல."

"இதுக்கு முன்னாலயும் இப்படித்தானா?"

"ஆமா. ஜூன்லேர்ந்து." இடுப்பை வளைத்து, தலை மேசைக்குக் கீழே போகும்வரை குனிந்தான். "மன்னிச்சிருங்க. சனாயே, நீயும்."

அவன் குனிந்தபோது முதுகு முழுவதும் என் கண் முன்னால் இருந்தது. வலது தோளில் ஒன்றும் இல்லை. இடப்பக்கம், இடுப்புக்கு மேலே, சிவப்புப் பொட்டு.

மிசோகுச்சி அண்ணன் நோட்டில் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை. "ஒரு வருஷம் இங்க வராத. பக்கத்துக் காடுகளுக்கும் நான் சொல்லித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். உகிட்டா மறுபடி குனிந்துவிட்டு வெளியே போனான். வாசலில் ஹதோரி யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். வழிவிட்டு நகர்ந்த யாரும் உகிட்டாவிடம் பேசவில்லை. நேற்றுவரை அவன் தோளில் கை போட்டவர்கள்.

எனக்கு மண்டைக்குள் ஒன்றே ஓடியது. பட்டதை மறைக்கிறவனுக்கு எங்கே பட்டது என்று எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். இவன் தப்பான இடத்தைச் சொன்னான். பயத்தில் உளறவில்லை, நிதானமாகச் சொன்னான். குற்றம் செய்யாத ஆள் ஏன் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும்? எதை மறைக்க?

வண்டி நிறுத்தும் இடத்தில் அவன் காரின் பின்கதவைத் திறந்து வைத்து அதில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் போய் எதிரில் நின்றேன்.

"சட்டையைக் கழட்டு."

"ஊர் என்ன சொல்லும்?" என்றான். சிரிக்க முயன்றான்.

"கழட்டுடா."

கழற்றினான். நான் அதைத் திருப்பி அவன் மடியில் போட்டேன். சிவப்புப் பொட்டைப் பார்த்தான். விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைத் தடவினான், அந்த இடத்தைத் தேடுவது போல.

"இங்கயா பட்டுச்சு?" என்றான்.

"உனக்குத் தெரியல."

"தெரியல."

"எப்போலேர்ந்து?"

பூட்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தான். "குளிர் முடிஞ்சப்போ லேசா மரத்துச்சு. பின்பக்கம், நெஞ்சுக்குக் கீழ. இப்ப யாரோட தோலோ மாதிரி இருக்கு. வெந்நீர் ஊத்தினாலும் சூடு தெரியல. நீ ஜூன்ல முதுகுல சுட்டேன்னு சொன்னப்போதான் எனக்கே பகீர்னுச்சு. இடது காலும் இப்ப அப்படித்தான். செருப்பு கழண்டு போனா திரும்பிப் பாத்தாத்தான் தெரியும்."

அவன் கீழே பார்த்து நடப்பதை நான் பார்த்தேன். கள்ளன் நடை என்றேன். கை நீட்டி என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அப்ப ஏன்டா விளையாட வந்தே?"

"நிறுத்தினா ஏன்னு கேப்பே. உன்கிட்ட ரெண்டு கேள்விக்கு மேல என்னால பொய் சொல்ல முடியாது."

"அதுக்காக ஜாம்பின்னு பேர் வாங்குவியா?"

"ஜாம்பின்னா ஞாயித்துக்கிழமைதான் போகும். அது தெரிஞ்சா எல்லா நாளும் போயிரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உகிட்டா பஸ் ஓட்டுகிறவன். முப்பத்தோரு வருடமாக அதே தடம். காலை ஆறு பன்னிரண்டு முதல் பஸ், ஸ்டேஷனுக்குப் போகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள்.

"கால் மரத்துப்போச்சுன்னு சொல்றே. பெடலை எப்படி மிதிக்கிறே?"

"வலது கால் நல்லாத்தான் இருக்கு."

"இன்னிக்கு நல்லாருக்கு."

அவன் பூட்ஸின் கயிற்றை உருவ ஆரம்பித்தான்.

"நாளைக்குக் காலைல பஸ் எடுக்கிறியா?"

"இன்னும் மூணு வருஷம் சனாயே. ஓய்வு பெற மூணே வருஷம். எனக்கு வேற என்ன தெரியும்? பல்லு செய்யத் தெரியுமா?"

"நீ சொல்றியா, நான் டிப்போவுக்குப் போன் பண்ணட்டுமா?"

"பண்ணுவே" என்றான். கோபமாக இல்லை, வானிலை சொல்வது போல. "நீ பண்ணுவே. நானே சொல்றேன். நாளைக்குக் காலைல வேலைக்குப் போய்ச் சொல்லிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சாவியைக் கொடு. உன்னை நான் கொண்டுபோய் விடறேன்." என் காரைக் காட்டிலேயே விட்டுவிட்டு அவன் காரை நான் ஓட்டினேன். அவன் வீட்டு வாசலில் சாவியை அவன் கையில் வைக்கவில்லை, என் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் அவனை நம்பினேனா? இல்லை. ஒரு வருடத் தண்டனையை வாங்கிக்கொண்டுகூட ஒரு பொய்யைக் காப்பாற்றிய ஆளை எப்படி நம்புவது? திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய், அவன் தடத்தின் மூன்றாவது நிறுத்தத்தில் நின்றேன். டிப்போவின் எண்ணைப் போனில் எடுத்து வைத்திருந்தேன். ஓட்டுநர் இருக்கையில் அவன் முகம் தெரிந்தால் அந்த நிமிடமே அழுத்துவது என்று முடிவு. அழுத்தினால் அவன் என்னோடு ஜென்மத்துக்கும் பேச மாட்டான் என்பதும் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர் என் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஆறு பதினெட்டுக்குப் பஸ் வளைவில் திரும்பியது. கண்ணாடியில் வானத்தின் வெளிச்சம், முகம் தெரியவில்லை. கிட்டே வந்து நின்றபோது பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் ஒரு இளம்பெண், வெள்ளைக் கையுறை, நிமிர்ந்த கழுத்து.

போனைப் பையில் போட்டேன். பிள்ளைகளுக்குப் பின்னால் ஏறி, இயந்திரத்தில் சீட்டைக் கிழித்துக்கொண்டு திரும்பினால், நான்காவது வரிசையில் ஜன்னலோரம் உகிட்டா. சீருடை இல்லாமல் அவனை அந்தப் பஸ்ஸில் நான் பார்த்ததே இல்லை. மடியில் டிப்போ முத்திரை குத்திய ஒரு பழுப்பு உறை.

"நான் நெனச்சது சரியாப் போச்சு" என்றான். "இந்த நிறுத்தத்துலதான் நிப்பேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரி ஒம்பது மணிக்குத்தான் தொறக்கும். உனக்காகத்தான் இதுல ஏறினேன். வேவு பாக்க வந்தியா?"

"ஆமா."

"உக்காரு."

உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. வெளியே பார்த்தபடியே சொன்னான். "வேலைக்குப் போனதும் முதல்ல குழாய்ல ஊதணும், சாராயம் குடிச்சிருக்கோமான்னு. அப்புறம் உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பாங்க. முப்பத்தோரு வருஷம் நல்லாருக்குன்னே சொன்னேன். இன்னிக்கு நல்லா இல்லைன்னேன். கேட்டவருக்குப் புரியல. ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு. ரெண்டாவது தடவைதான் கஷ்டமா இருந்துச்சு."

"மிசோகுச்சி அண்ணன்கிட்ட நான் இன்னிக்குச் சொல்லிடறேன். ஹதோரி வாயையும் அடைக்கிறேன்."

"அது கெடக்கட்டும். முதல்ல டாக்டர் என்ன சொல்றார்னு பாப்போம்."

ஓட்டுநர் பெண் சிக்னலில் பிரேக் போட்டாள். பிள்ளைகள் எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள்.

"பாத்தியா? இப்படியா பிரேக் போடறது?" என்று உகிட்டா முணுமுணுத்தான். "கடைசி ஒரு மீட்டர்ல காலை லேசா எடுக்கணும். எடுத்தா நின்னதே தெரியாது. பாட்டிங்க எல்லாம் விழுந்துருவாங்க. இந்த வளைவுல இன்னும் மோசமா இருக்கும், பாரேன்." அவன் வலது கால் தரையை மெல்ல மிதித்து, மெல்ல விட்டது.

இருபது வருடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் தொட்டதில்லை. அப்படிப்பட்ட பழக்கம் எங்களுக்குள் இல்லை. என் கையை மெல்லக் கொண்டுபோய் அவன் முதுகில் வைத்தேன், இடப்பக்கம், இடுப்புக்கு மேலே. அவன் வளைவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். மூன்று நிறுத்தம் தாண்டியது. கையை நான் எடுக்கவில்லை. அவனுக்குத் தெரியவும் இல்லை.